ஷூ படம் சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பிடித்துப் பிழை நீக்கும் வழி

ஆன்லைன் லிஸ்டிங்குக்கு ஷூ படம் எடுக்கும்போது வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை மேஜைமேலேயே தீர்ந்துவிடும். கேமராவில் தீர்வது கொஞ்சம். சாஃப்ட்வேரில் தீர்வது அதைவிடக் கொஞ்சம். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணம் முதலில் வருகிறது, செலவு வைக்கும் காரணம் கடைசியில் வருகிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு படம் எடுத்துப் பாருங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போகும், அடுத்த ஜோடிக்கும் அதே தலைவலி.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் நான்கு வேலை. லென்ஸை மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். போனில் போர்ட்ரெய்ட் மோடு, ஃபில்டர், நைட் மோடு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். அறையின் டியூப்லைட், பல்பு அனைத்தையும் அணைத்துவிட்டு, படமெடுக்கும் விளக்கை மட்டும் எரிய விடுங்கள். பார்க்கும் திரையில் நைட் லைட் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் அணையுங்கள், மஞ்சளடித்த திரையில் நிறம் பார்த்துப் பயனில்லை.

## வெள்ளைப் பின்னணி சாம்பலாக வருகிறது

ஃபிரேம் முழுக்க வெள்ளையாக இருந்தால் கேமரா மீட்டர் அதைச் சாம்பலுக்கு இழுத்துவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +1-இல் தொடங்கி +1.7 வரை ஏற்றிப் பாருங்கள். போனில் ஷூவின்மேல் தொட்டு, வரும் சூரியக் குறியை மேலே தள்ளினால் போதும்.

அப்படியும் தீரவில்லையென்றால், படத்தை எடிட்டரில் திறந்து ஐட்ராப்பரால் (நிறம் அளக்கும் கருவி) நான்கு மூலைகளையும் ஷூவுக்குப் பின்னால் உள்ள இடத்தையும் தொட்டு ஆர்.ஜி.பி. மதிப்பைப் (0 கருப்பு, 255 சுத்த வெள்ளை) பாருங்கள்.

எல்லா இடமும் 235-க்கு மேல், ஏறத்தாழ ஒரே அளவு: வேலை முடிந்தது. லெவல்ஸில் (எடிட்டரில் கருப்பு, வெள்ளை எல்லைகளை மாற்றும் இடம்) வெள்ளை முனையை இழுத்தால் 255 ஆகிவிடும். அமேசான் முதன்மைப் படத்துக்குக் கேட்பது 255, 255, 255 என்ற சுத்த வெள்ளை. 250 கண்ணுக்கு வெள்ளையாகத்தான் தெரியும், ஆனால் தளத்தின் வெள்ளைப் பக்கத்தில் வைத்ததும் ஷூவைச் சுற்றி மங்கலான பெட்டி தெரியும்.

ஒரு மூலை 250, எதிர் மூலை 200: விளக்கு ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது. இதை லெவல்ஸில் சரிசெய்யப் போனால் பிரகாசமான பக்கத்தில் ஷூ விளிம்பு போய்விடும். விளக்கை நகர்த்துங்கள், அல்லது இருண்ட பக்கம் வெள்ளை அட்டை ஒன்றை நிறுத்துங்கள்.

பின்னணி வெள்ளையாகும் முன்பே ஷூ வெளுத்துவிடுகிறது: ஷூவுக்கும் பின்னணிக்கும் ஒரே விளக்கு போதவில்லை. ஷூவைப் பின்னணியிலிருந்து ஒரு மீட்டராவது முன்னால் கொண்டுவந்து, பின்னணிக்குத் தனி விளக்கு கொடுங்கள். சிறிய லைட் பாக்ஸில் இதற்கு இடமே இருக்காது. ஸ்னீக்கர் அளவுக்கு மேல் எதற்கும் 40 செ.மீ. பெட்டி வாங்குவது வீண்.

## வெள்ளை ஷூவின் விளிம்பு பின்னணியில் கரைந்துபோகிறது

மேலே உள்ளதற்கு நேர் எதிரான கோளாறு. பெரும்பாலும் அதைச் சரிசெய்யப் போய்த்தான் இது வரும்.

ஷூவின் இரண்டு பக்கமும், ஃபிரேமுக்குச் சற்று வெளியே, ஷூவைவிட உயரமான கருப்பு அட்டைகளை நிறுத்துங்கள். விளிம்பில் மெல்லிய சாம்பல் கோடு விழும், வடிவம் தனியே எழுந்து நிற்கும். அட்டையை 5 செ.மீ. உள்ளே தள்ளினால் கோடு தடிக்கும், வெளியே எடுத்தால் மெலியும். ஷூவின் மிகப் பிரகாசமான இடம் 235 முதல் 245-க்குள் நிற்க வேண்டும்.

மேல் விளிம்பு மட்டும் கரைந்தால் பின்னணி விளக்கு அதிகம், ஒரு ஸ்டாப் (அதாவது பாதியாக) குறையுங்கள். குறைத்த பிறகும் படம் முழுக்கப் பனி படர்ந்த மாதிரி இருந்தால் பின்னணியின் வெளிச்சம் நேராக லென்ஸுக்குள் அடிக்கிறது. லென்ஸ் ஹூட் மாட்டி, ஃபிரேமுக்கு வெளியே உள்ள வெள்ளைப் பரப்பைக் கருப்புத் துணியால் மூடுங்கள்.

சோலின் கீழ்விளிம்பு மட்டும் கரைந்தால், கீழே விரித்த வெள்ளைத் தாள்தான் வெளிச்சத்தை மேலே எறிகிறது. வெளிர் சாம்பல் தாளில் வைத்து எடுத்து, பிறகு வெட்டி வெள்ளையில் ஒட்டுவதே சுருக்கமான வழி. ஒரு கிளிக்கில் பின்னணி நீக்கும் ஆப்கள் இந்த இடத்தில் நம்பகமில்லை. லேஸ் வளையத்துக்குள் இருக்கும் இடைவெளியை விட்டுவிடும், குதிகால் பின்புற இழுவைப் பட்டையைக் கடித்துவிடும், வெள்ளை சோலில் பாதியை விழுங்கிவிடும். நிறைய ஜோடிகள் வெள்ளையாகவே இருந்தால் கையால் பாத் (வெட்டும் விளிம்புக்கோடு) போட்டு வெட்டித் தரும் ரீடச்சரிடம் கொடுத்துவிடுங்கள்.

## நிறம் நேரில் ஒன்று, படத்தில் ஒன்று

பொருள் திரும்பி வருவதற்கு இடம்கொடுக்கும் கோளாறு இது. நிறம் எப்படி மாறுகிறது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

படம் முழுக்க ஒரே சாயல். கேமரா தானாக நிறச் சாயலைச் சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ்தான் காரணம். சிவப்பு ஷூ ஃபிரேமை நிறைத்தால் அது நீலப் பக்கம் தள்ளும், நீல ஷூவுக்கு மஞ்சள் பக்கம் தள்ளும். ஷூ வைக்கும் இடத்தில் கிரே கார்டை (நடுநிலைச் சாம்பல் அட்டை) வைத்து ஒரு படம் எடுத்து, அதிலிருந்து கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் அமையுங்கள். விளக்கை மாற்றாதவரை அதே அமைப்பு நாள் முழுக்கப் போதும். வெள்ளைத் தாளை கிரே கார்டுக்குப் பதில் பயன்படுத்த வேண்டாம். பல தாள்களில் வெண்மை கூட்டும் ரசாயனம் கலந்திருக்கும், ஃபிளாஷிலும் பகல் வெளிச்சத்திலும் அவை நீலம் பூசிக்கொள்ளும்.

ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் நீலம். இரண்டு வகை வெளிச்சம் கலக்கிறது. ஜன்னலும் பல்பும் சேர்ந்தால் எந்த ஒயிட் பேலன்ஸும் இரண்டையும் ஒருசேரச் சரிசெய்யாது. ஜன்னலை மூடுங்கள், அல்லது விளக்கை அணையுங்கள். இரண்டு எல்.இ.டி. விளக்குகளிலேயே வித்தியாசம் வந்தால் இரண்டிலும் 5600 கெல்வின் என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். ஒவ்வொன்றாக எரியவிட்டு கிரே கார்டைப் படமெடுத்து ஒப்பிடுங்கள்.

ஷூவின் அடிப்பகுதியில் அல்லது ஒரு விலாவில் மட்டும் பச்சையோ சிவப்போ. சுவர், தரைவிரிப்பு, சில சமயம் எடுப்பவரின் சட்டை. பளபளப்பான வெள்ளை ஷூவில் ஆரஞ்சு சட்டை அப்படியே தெரியும். கருப்போ சாம்பலோ உடுத்திக்கொண்டு எடுங்கள்.

கருப்பு சிந்தெடிக் துணி மட்டும் காப்பிப்பொடி நிறமாக வருகிறது, பக்கத்தில் உள்ள கருப்புத் தோல் சரியாக இருக்கிறது. ஒயிட் பேலன்ஸைத் திருப்பி நேரம் செலவழிக்க வேண்டாம். சில கருப்புச் சாயங்கள் அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும், கேமரா அதில் ஒரு துளியைச் சிவப்பாகப் பதிவுசெய்யும். ஹாலஜன் விளக்கிலும் வெயிலிலும் இது அதிகம். எல்.இ.டி.க்கு மாறினாலே பெரும்பாலும் தீரும். தீராவிட்டால் அந்தப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்துச் செறிவைக் குறையுங்கள்.

மற்றவை சரி, ஒரு சிவப்பு அல்லது ஊதா மட்டும் மந்தம். விளக்கின் தரம். சி.ஆர்.ஐ. (நிறத்தை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 95-க்குக் குறைவான எல்.இ.டி.யில், அதிலும் அடர் சிவப்புக்கான ஆர்9 மதிப்பு குறைவாக இருந்தால், அடர் சிவப்பு செத்துத் தெரியும். அதே ஷூவை ஜன்னல் நிழலில் வைத்து ஒரு படம் எடுங்கள். அங்கே சரியாக வந்தால் விளக்கை மாற்றித்தான் ஆக வேண்டும். நியான் நிறங்கள் மட்டும் விதிவிலக்கு. அவற்றின் முழுப் பிரகாசத்தை எந்தச் சாதாரணத் திரையும் காட்டாது. கூடியவரை நெருக்கிவிட்டு, நிறப் பெயரை விவரத்தில் எழுதிவிடுங்கள்.

எடிட்டரில் சரி, தளத்தில் வெளிறிப்போகிறது. கலர் ப்ரொஃபைல், அதாவது ஃபைலின் நிற எண்கள் எந்த நிறம் என்று சொல்லும் குறிப்பு. அடோபி ஆர்.ஜி.பி.யிலோ டிஸ்ப்ளே பி3-யிலோ சேமித்த படத்தின் ப்ரொஃபைலைத் தளம் உரித்துவிட்டால் நிறம் மங்கும். ஐபோன் படங்கள் டிஸ்ப்ளே பி3-யில்தான் பதிவாகின்றன. ஏற்றுமதியின்போது எஸ்.ஆர்.ஜி.பி.க்குக் 'கன்வர்ட்' செய்யுங்கள். 'அசைன்' செய்தால் எண்கள் மாறாமல் குறிப்பு மட்டும் மாறும், நிறம் அதேபோல் மங்கும்.

ஒரே பிராண்டுக்கு இருபது நிறங்களில் தோல், ஒவ்வொன்றும் துல்லியமாக வேண்டும் என்ற நிலை வந்தால் 24 கட்டக் கலர் செக்கர் அட்டையும், கருவி வைத்து அளவீடு செய்த மானிட்டரும் தேவை. அந்த இடத்தில் வேலையை ஸ்டூடியோவிடம் விடுவது மலிவு.

## பளபளப்பு ஷூவில் ஜன்னல், விளக்கு, கேமரா எல்லாம் தெரிகிறது

பேட்டன்ட் லெதர் (கண்ணாடிபோல் மின்னும் பூச்சுத் தோல்) எதிரே இருப்பதையெல்லாம் காட்டும். பிரதிபலிப்பை ஒழிக்கப் பார்க்காதீர்கள், எது பிரதிபலிக்க வேண்டும் என்று தீர்மானியுங்கள். பளபளப்பே இல்லாத பேட்டன்ட் லெதர் ரப்பர் செருப்பு மாதிரி தெரியும்.

முதலில் முனைப்பகுதியை உற்றுப் பாருங்கள். அங்கே சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் விளக்கு சிறியது, அல்லது தூரத்தில் இருக்கிறது. ட்ரேசிங் பேப்பரோ டிஃப்யூஷன் துணியோ ஷூவின் நீளத்தைப்போல் இரண்டு மடங்காவது இருக்கும்படி சட்டத்தில் இழுத்துக்கட்டி, ஷூவுக்கு 20 முதல் 30 செ.மீ. மேலே கொண்டுவாருங்கள். விளக்கு அந்தத் துணிக்கு அப்பால், சற்றே பின்புறமாக இருக்கட்டும். புள்ளிகள் போய், முனையிலிருந்து நாக்குவரை ஒரே நீளப் பட்டையாக ஒளி ஓடும். அந்தப் பட்டை உடையாமல், ஓரம் மெல்லக் கரைந்து முடிந்தால் விளக்கு சரியான இடத்தில் இருக்கிறது. கத்தியால் வெட்டியதுபோல் முடிந்தால் துணியின் விளிம்பு தெரிகிறது என்று பொருள். துணியைப் பெரிதாக்குங்கள், அல்லது விளக்கைத் துணிக்கு இன்னும் அருகே கொண்டுவாருங்கள்.

கேமராவும் நீங்களும் தெரிந்தால், கருப்பு அட்டையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு அதன் வழியே எடுங்கள், ரிமோட்டோ டைமரோ வைத்துக்கொண்டு விலகி நில்லுங்கள்.

இவையெல்லாம் செய்த பிறகும் பக்கவாட்டில் ஒரு வெளிறல் மட்டும் மிஞ்சினால் போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் லென்ஸ் ஃபில்டர்) மாட்டலாம். திருப்பிக்கொண்டே பார்த்து, வெளிறல் பாதியாகக் குறையும் இடத்தில் நிறுத்துங்கள். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் தின்னும், அதற்கேற்ப ஷட்டரை நீட்டுங்கள். பக்கிள், கண்ணி வளையம் போன்ற உலோகத்தின் பளபளப்பு போலரைசருக்கு அடங்காது. அங்கே சின்ன வெள்ளை அட்டையோ கருப்பு அட்டையோதான் கைகொடுக்கும்.

விரல் ரேகை தெரிந்தால் முதலில் துடைத்துவிட்டு, பருத்திக் கையுறை போட்டுத் தொடுங்கள். எடிட்டரில் ரேகை அழிப்பது அநியாய நேரம் பிடிக்கும்.

## கருப்பு ஷூ விவரமே இல்லாமல் ஒரே கரும்பொட்டாக வருகிறது

ஸ்வேட் (மென்மயிர்ப் பரப்புள்ள தோல்) என்றால் முதலில் பிரஷ். மென்மயிரை ஒரே திசையில் படியவையுங்கள், இல்லையென்றால் திட்டுத்திட்டாக அழுக்கு மாதிரி தெரியும். அடுத்தது விளக்கின் திசை. முன்னாலிருந்து அடிக்கும் வெளிச்சத்தில் இழை தெரியாது. விளக்கைப் பின்பக்க மூலைக்கு, மேஜைக்கு மிகத் தாழ்வாகக் கொண்டுபோங்கள், தையலும் இழையும் எழும்பும். எதிர்ப்பக்கம் வெள்ளை அட்டை. எக்ஸ்போஷரை +0.7 ஏற்றுங்கள். ஹிஸ்டோகிராமின் (இருட்டு முதல் வெளிச்சம் வரை காட்டும் வரைபடம்) இடது சுவரில் மேடு முட்டிக்கொண்டிருந்தால் விவரம் சரியாகப் பதிவாகவில்லை, ரா ஃபைலில் (கேமரா சுருக்காத மூலப் பதிவு) மீட்டாலும் முழுதாக வராமல் போகலாம்.

## ஷூவின் முனை பெருத்து, குதிகால் சிறுத்துத் தெரிகிறது

போனை மிக அருகில் பிடித்திருக்கிறீர்கள். முக்கால் கோணத்தில் முனை 30 செ.மீ. தூரத்திலும் குதிகால் 50 செ.மீ. தூரத்திலும் இருந்தால் முனை ஒன்றரை மடங்குக்கும் மேல் பெரிதாகப் பதியும். 1.5 மீட்டருக்குப் பின்வாங்கினால் அந்த வித்தியாசம் 13 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். பின்வாங்கி, 2x அல்லது 3x லென்ஸில் எடுங்கள். டெலி லென்ஸ்தான் வேலை செய்கிறதா என்று பார்க்க அதை விரலால் மூடுங்கள். திரை மறையாவிட்டால் போன் மெயின் லென்ஸையே வெட்டிக் காட்டுகிறது, வெளிச்சத்தைக் கூட்டுங்கள். கேமராவில் முழு ஃபிரேம் கணக்கில் 70 முதல் 105 மி.மீ. பொருந்தும்.

## ஷூ தொய்ந்து, பழையது மாதிரி இருக்கிறது

உள்ளே திணிப்பு இல்லை, அல்லது தவறாகத் திணித்திருக்கிறது. அச்சில்லாத டிஷ்யூ பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள், செய்தித்தாளின் மை வெளிர் உட்துணியில் ஒட்டும். முனைக்குச் சிறிய இறுக்கமான உருண்டை, அடுத்து நடுப்பாதத்துக்குத் தளர்வான சுருள். வாய்ப்பகுதியில் எதுவும் எட்டிப்பார்க்கக் கூடாது. அதிகமாகத் திணித்துவிட்டதற்கு அடையாளம் லேஸ் துளை வரிசைகள்: இரண்டும் இணையாக ஓடாமல் நடுவில் அகன்றிருந்தால் கொஞ்சம் உருவிவிடுங்கள்.

லேஸைக் கழற்றி, முறுக்கு எடுத்து, மறுபடி கோத்து, நுனிகளை உள்ளே செருகுங்கள். சாய்ந்து விழும் ஷூவுக்குக் குதிகால் அடியில் பட்டாணி அளவு ஒட்டுப் புட்டி (களிமண் போன்ற, பிறகு உரிந்து வரும் பசை) போதும், ஸ்வேட் பக்கம் அதைக் கொண்டுபோக வேண்டாம். பூட்ஸின் கால்பகுதிக்கு அட்டையைச் சுருட்டி உள்ளே இறக்குங்கள், ஸ்ட்ராப் செருப்புக்கு ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளை வளைத்து வையுங்கள்.

## முன்பக்கம் தெளிவு, பின்பக்கம் மங்கல்

அபெர்ச்சரை (லென்ஸ் துளையின் அளவு) எஃப் 8-இலிருந்து எஃப் 11-க்குக் கொண்டுபோங்கள். ஃபோகஸை லேஸின் கீழ்த் துளையில் வையுங்கள், முனையின் நுனியில் வைத்தால் குதிகால் கைவிட்டுப் போகும். போதவில்லையென்றால் எஃப் 22-க்குத் தாவாமல் பின்வாங்குங்கள். அதே லென்ஸில் 1 மீட்டரிலிருந்து 1.5 மீட்டருக்குப் போனால் தெளிவான ஆழம் இரண்டு மடங்குக்கும் மேல் கூடும், மிச்சத்தை க்ராப் செய்துகொள்ளலாம். அதற்கும் அடங்காத மிக நெருக்கமான படங்களுக்கு மட்டும் ஃபோகஸ் ஸ்டாக்கிங் (வெவ்வேறு ஃபோகஸில் எடுத்த படங்களை ஒன்றாக இணைப்பது).

படம் முழுதுமே மங்கலாக இருந்தால் அது கை நடுக்கம்: டிரைபாட், 2 நொடி டைமர். டிரைபாடிலும் மங்கினால் லென்ஸின் ஸ்டெபிலைசேஷனை அணைத்துப் பாருங்கள். ஆட்டோஃபோகஸ் எப்போதும் தொட்ட இடத்துக்குப் பின்னாலேயே விழுந்தால், லைவ் வியூவில் கையால் ஃபோகஸ் செய்து ஒப்பிடுங்கள். கையால் சரி, ஆட்டோவில் தவறு என்றால் சர்வீஸ் சென்டர்.

## படத்தில் கோடுகள், அலைகள், கருப்புப் பட்டை

படுக்கை வசத்தில் இருட்டும் வெளிச்சமுமாகப் பட்டைகள்: எல்.இ.டி. சிமிட்டுகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸில் 1/60 அல்லது 1/120 ஷட்டர் வையுங்கள். எலெக்ட்ரானிக் ஷட்டரை மெக்கானிக்கலுக்கு மாற்றுங்கள். டிம்மரை 100 சதவீதத்தில் வைத்ததும் மறைந்தால் டிம்மர்தான் காரணம், விளக்கைத் தள்ளிவைத்து வெளிச்சத்தைக் குறையுங்கள்.

மெஷ் துணியில் வானவில் அலைகள்: படத்தை 100 சதவீதத்தில் பாருங்கள். அங்கே இல்லையென்றால் திரையின் வேலை அல்லது சிறிதாக்கியதன் விளைவு, ஷார்ப்பனிங்கைக் குறைத்து மறுபடி சிறிதாக்குங்கள். 100 சதவீதத்திலும் இருந்தால் ஷூவை ஐந்து டிகிரி திருப்புங்கள் அல்லது கேமராவைக் கொஞ்சம் நகர்த்துங்கள்.

ஃபிளாஷ் போட்டால் ஓரத்தில் கருப்புப் பட்டை: ஷட்டர் வேகம் ஃபிளாஷோடு ஒத்துப்போகும் உச்ச வேகத்தைத் தாண்டிவிட்டது. 1/125-க்கு இறக்குங்கள். ஒரு படம் வெளிச்சம், அடுத்தது இருட்டு என்றால் ஃபிளாஷ் முழுதாகச் சார்ஜ் ஆகும்வரை காத்திருங்கள், பேட்டரியை மாற்றுங்கள். அப்படியும் தொடர்ந்தால் ரிப்பேருக்குக் கொடுங்கள். ஃபிளாஷ் தலையை நீங்களே திறக்கவே கூடாது. அணைத்துவைத்த பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் நிற்கும்.

## எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் புள்ளி

ஷூவை நகர்த்துங்கள். புள்ளியும் நகர்ந்தால் தூசி ஷூவில், ஒட்டுருளையால் எடுங்கள். அங்கேயே நின்றால் தூசி சென்சாரில். எஃப் 16-இல் வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் எடுத்தால் எத்தனை என்று தெரியும். கேமராவின் தானியங்கிச் சுத்தம், பிறகு கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து ரப்பர் ப்ளோயர் (காற்றூதி). ஸ்ப்ரே டப்பாக் காற்று வேண்டாம், அதிலுள்ள திரவம் சென்சாரில் படியும். இதற்கும் போகாத புள்ளி ஈரச் சுத்தம் கேட்கும், அது சர்வீஸ் ஆட்களின் வேலை.

## ஷூ காற்றில் மிதக்கிறது, அல்லது இரண்டு நிழல் விழுகிறது

மிதப்பது வெட்டும்போது சோலுக்கு அடியிலிருந்த தொடு நிழலையும் சேர்த்து வெட்டியதால். அதைத் தனி லேயரில் வைத்துக்கொள்ளுங்கள். இரட்டை நிழல் சம பலமுள்ள இரண்டு விளக்குகளால். ஒன்றை அணைத்து, அந்த இடத்தில் வெள்ளை அட்டை வையுங்கள்.

## அப்லோட் செய்ததும் மங்கிவிடுகிறது, அல்லது தளம் நிராகரிக்கிறது

முதலில் படம் எந்த வழியாக வந்தது என்று கேளுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பியிருந்தால் அது அங்கேயே சுருங்கிவிட்டது. டாக்குமெண்டாக அனுப்புங்கள், அல்லது கேபிளில் இறக்குங்கள். அடுத்து, ஏற்கெனவே சுருக்கிய ஜேபெக்கைத் திறந்து மறுபடி சேமித்தீர்களா? எப்போதும் மூல ஃபைலிலிருந்து ஒரே முறை, 85 முதல் 90 தரத்தில் ஏற்றுமதி செய்யுங்கள்.

ஜூம் வேலை செய்யவில்லையென்றால் அளவு போதவில்லை. அமேசானில் நீளப் பக்கம் 1000 பிக்சலாவது வேண்டும். 2000-க்கு 2000 சதுரமாக வைத்துக்கொண்டால் பெரும்பாலான தளங்களில் சிக்கலில்லை. ஃபைலே ஏறவில்லையென்றால் ஐபோனின் ஹெச்.இ.ஐ.சி. வடிவமா என்று பாருங்கள், ஜேபெக்காக மாற்றுங்கள்.

ஏறிய பிறகு நிராகரித்தால் முதன்மைப் படத்தைப் பாருங்கள். அமேசானில் ஷூவுக்கு ஜோடி கூடாது: ஒற்றை ஷூ, 45 டிகிரியில், முனை இடப்பக்கம் பார்த்து, ஃபிரேமில் 85 சதவீதம் நிறைந்திருக்க வேண்டும். எழுத்து, லோகோ, வாட்டர்மார்க் எதுவும் மேலே ஒட்டியிருக்கக் கூடாது. வலது ஷூவை எடுத்துவிட்டுக் கண்ணாடி மாதிரிப் புரட்டி இடதாக்குபவர்கள் நாக்கிலும் விலாவிலும் உள்ள எழுத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். இடவலம் மாறித் தெரிந்தால் புரட்டாமல் சரியான ஷூவையே எடுத்துவிடுங்கள்.